பன்னிரண்டு கோழியும் ஒரு சேவலும்

டிசம்பர் 9

இந்த நோட்டு பண்ணையிலிருந்து வந்தது. குஞ்சு பொரிப்பகத்தில் மணிக்கொரு தரம் எழுதும் ரிஜிஸ்டர். தேதி, நேரம், வெப்பம், ஈரம், குறிப்பு, கையெழுத்து என்று ஆறு கட்டம். திருடியதில்லை. பழைய மாடல் என்று மூலையில் போட்டிருந்ததில் ஒன்று. முப்பது வருஷமாக 'குறிப்பு' கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று எழுதியே பழகியவன் நான். இப்போது கட்டங்களைத் தாண்டி எழுதுகிறேன். யாரும் கேட்கமாட்டார்கள்.

பண்ணையில் ஆறு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள். வீட்டில், "சேர்ந்துபோன லீவு, எடுக்காவிட்டால் வீணாகிவிடும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் மேகலா ஒரு குட்டியானை வண்டி நிறையக் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாள். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள் என் மகள். ஏதோ ஒரு காலேஜ் லேபில் புது கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம், பழசை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். மொத்தம் பதினைந்து. பதின்மூன்று ஓடும், இரண்டு உதிரிபாகத்துக்கு.

"எதுக்கு சாமி இத்தனை? ஒரு ஆளுக்கு ஒண்ணு போதாதா?"

"பதிமூணும் சேர்ந்துதான் ஒண்ணுங்கப்பா."

என் மனைவி ருக்கு வாசலிலேயே நின்று எண்ணிப் பார்த்தாள். "இனிமே பழைய இரும்புக்காரன் தெருவுக்குள்ள வந்தா நேரா நம்ம வீட்டுக்குத்தான் வருவான்" என்றாள்.

எல்லாவற்றையும் மாடி அறைக்குத் தூக்கியது நான். முதுகு அதைப் பற்றித் தனியாக எழுதச் சொல்கிறது.

டிசம்பர் 10

மேகலா விளக்கம் சொன்னாள். எனக்குப் பிளஸ் டூ கணக்கில் முப்பத்தேழு மார்க். எனவே புரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

நம் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்று ஒன்று இருக்கிறது. பல்லில் காவி காவியாகக் கறை பிடிக்கும். (என் பல்லைப் பார்த்தால் அவளுக்கு ஆராய்ச்சித் தலைப்பு எங்கிருந்து கிடைத்தது என்று தெரியும்.) ஒருவகைக் களிமண்ணில் அது ஒட்டிக்கொள்ளுமா, எங்கே ஒட்டும், எவ்வளவு ஒட்டும் என்று அணு அணுவாகக் கணக்குப் போட வேண்டும்.

"ஒரு பானை செஞ்சு தண்ணிய ஊத்திப் பாத்தாத் தெரிஞ்சுரும்ல?"

"ஒட்டுச்சுன்னு தெரியும். ஏன் ஒட்டுச்சுன்னு தெரியாதுங்கப்பா."

யுனிவர்சிட்டியில் இதற்கென்று பெரிய மெஷின் உண்டு. ஆனால் வரிசையில் அவள் முறை மார்ச்சில்தான் வருகிறது. ஜனவரி 24க்குள் கடைசி அத்தியாயம் புரொஃபசர் கையில் இருக்க வேண்டும். 31ஆம் தேதியோடு அவளுடைய பதிவுக் காலமே முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டியாகிவிட்டது, மூன்றாவது கிடையாதாம். ஐந்து வருஷப் படிப்பு இந்த ஒரு கணக்கில் நிற்கிறது. அதனால்தான் இந்தப் பழைய பெட்டிகள். ஒன்று ஒன்றாக இவை கிழடு. ஒன்றாகக் கட்டிப்போட்டால் ஏதோ செய்யுமாம். என்னையும் ருக்குவையும் சேர்த்து ஒரு குடும்பம் ஓடுகிறதே, அது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 12

ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரும்புப் பட்டைகளை வாங்கி மூன்று தட்டு ரேக் முடுக்கினேன். தட்டுக்கு நான்கு பெட்டி. மேல் தட்டில் 1 முதல் 4, நடுவில் 5 முதல் 8, கீழே 9 முதல் 12. மஞ்சள் பெயிண்டில் ரேக்கின் இரும்பிலேயே நம்பர் எழுதினேன். பண்ணையில் அதுதான் முறை. முட்டை ட்ரே கழுவப் போகும், வரும். இடம் எங்கேயும் போகாது. அதனால் நம்பர் இடத்துக்குத்தான், ட்ரேக்கு இல்லை.

மேகலா பார்த்துவிட்டு, "எங்க டிபார்ட்மென்ட்லகூட இவ்வளவு நீட்டா இல்லீங்கப்பா" என்றாள். அந்த வார்த்தையை நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 15

பெட்டிக்கொரு நீல ஒயர். எல்லாம் ஸ்விட்ச் என்ற ஒரு தட்டையான டப்பாவில் போய்ச் சேர்கின்றன. எனக்குத் தெரிந்த ஸ்விட்ச் சுவரில் இருக்கும், இது வேறு. பென் டிரைவ் போட்டு ஒவ்வொன்றாக லினக்ஸ் ஏற்றினாள். பக்கத்தில் நின்று பெட்டி திறப்பது, தூசி ஊதுவது, மூடுவது என் வேலை.

"ஒவ்வொண்ணுக்கும் பேர் வைக்கணுங்கப்பா."

"கோழின்னு வை."

விளையாட்டாகத்தான் சொன்னேன். வைத்துவிட்டாள். கோழி ஒன்று முதல் கோழி பன்னிரண்டு வரை. மேஜைமேல் திரையோடு தனியாக இருக்கும் பதின்மூன்றாவதுதான் மற்றதற்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கும். அது சேவல்.

"வேலை சொல்றது மட்டும் சேவல், செய்யறது பூராக் கோழி. பேர் பொருத்தமாத்தான் இருக்குது" என்றாள் ருக்கு, காப்பியை வைத்துவிட்டு.

டிசம்பர் 17

சோதனை ஓட்டம். களிமண்ணைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் பக்கத்துக் கோழியிடம் 'உன் ஓரத்தில் என்ன நிலவரம்' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்குமாம். ஒன்று சுணங்கினால் பதினொன்றும் காத்திருக்கும். ஒன்று செத்தால் எல்லாம் நின்றுவிடும். கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் மோர்சாதம் முடிக்கும்வரை வரிசையே எழுந்திருக்க முடியாதே, அதேதான்.

அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இதுவரை போட்ட கணக்கைச் சேவல் எழுதி வைத்துக்கொள்ளும். நின்றுபோனால் கடைசியாக எழுதிய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். அதாவது ரிஜிஸ்டர். உலகத்தில் எந்தப் பெரிய வேலையும் கடைசியில் ரிஜிஸ்டரில்தான் வந்து நிற்கிறது.

சூடுதான் பிரச்சினை. மேல் தட்டு கையை வைத்தால் தெரிகிறது. ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். சூட்டைப் பிடித்து வைப்பது முப்பது வருஷ வேலை, விரட்டுவது புது வேலை.

ருக்கு: "ஏனுங்க, மத்தியானத் தூக்கம் எங்கீங்க போச்சு? லீவு போட்டுட்டு இப்படிக் கண்ணை முழிச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?"

வேலை இருக்கிறது என்றேன். வேலை இருக்கத்தான் செய்கிறது.

டிசம்பர் 20

காலை 10.05க்குத் தொடங்கியது. எத்தனை நாள் என்றேன். "இருபது, இருபத்திரண்டு நாளுங்கப்பா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முட்டைக்கும் இருபத்தொன்றுதான்.

சாயங்காலம் அவள் சேலம் கிளம்பினாள். அங்கிருந்தே சேவலுக்குள் நுழைந்து பார்க்க முடியுமாம். அது எப்படி என்று இரண்டு தடவை விளக்கம் கேட்டு இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

"பாத்துக்கங்கப்பா. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

சரி சாமி என்றேன். மாடிக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

டிசம்பர் 21

வெப்பம் 28. ஈரம் 57. பன்னிரண்டும் ஓடுகின்றன.

டிசம்பர் 22

வெப்பம் 28. ஈரம் 60. ஒன்றுமில்லை.

டிசம்பர் 24

பேக்கரியில் ஜெயபாலைப் பார்த்தேன். பண்ணையில் எங்கள் சூப்பர்வைசர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். டீ கிளாஸைக் கீழே வைக்காமலே பேசினார்.

"செங்கோடண்ணா, நல்லா இருக்கீங்களா? முதலாளி இன்னும் ஒண்ணும் முடிவா சொல்லலீங்க."

"பரவால்லீங்க சார்."

"ரெண்டு மெஷினும் சும்மாதான் நிக்குது. நீங்க அன்னிக்கு ஒத்துக்காம இருந்திருக்கலாம்."

"தூங்குனது நெசந்தானுங்களே."

என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் சங்கடமாக இருந்தது.

டிசம்பர் 26

மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை. முன்பே தெரியும் என்பதால் மேகலா எட்டரைக்கே அங்கிருந்து நிறுத்திவிட்டாள். ஆறு நாள் கணக்குப் பத்திரமாக இருக்கிறது.

ஐந்து மணி நேரம் சும்மா உட்கார முடியவில்லை. ரேக்கைத் துடைத்தேன். மேல் தட்டுப் பெட்டிகள் ஆறு நாளாகச் சூட்டில் கிடக்கின்றனவே என்று நான்கையும் கழற்றிக் கீழே வைத்து, கீழ்த்தட்டு நான்கையும் மேலே ஏற்றினேன். பண்ணையில் ட்ரேக்களை இப்படி இடம் மாற்றிக்கொண்டே இருப்போம், எல்லாவற்றுக்கும் சமமாகச் சூடு கிடைக்க. ஒவ்வொன்றின் ஒயரையும் ஒழுங்காக மாட்டினேன். ஒரு பெட்டி ரேக் மூலையில் லேசாக இடித்தது, ஒன்றும் ஆகவில்லை.

இரண்டேகாலுக்கு எல்லாம் ஓடின. மேகலாவிடம் சொல்லவில்லை. துடைத்ததையும் அடுக்கியதையும் போய் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

டிசம்பர் 28

காலையில் மேகலா போன். "அப்பா, நின்னுருச்சு. கோழி பத்து செத்துப்போச்சு. அணைச்சுட்டு ஆன் பண்ணுங்க."

கீழ்த்தட்டில் 10 என்று எழுதிய இடத்தில் இருந்ததை அணைத்துப் போட்டேன். அவளும் அங்கிருந்து ஏதோ செய்தாள். ஓடியது.

டிசம்பர் 29

மறுபடி. கோழி பத்து.

டிசம்பர் 31

பத்தில் ரேம் மாற்றினேன். உதிரிப் பெட்டியிலிருந்து எடுத்து, தங்கக் கலர் பல்லை அழிரப்பரால் தேய்த்து, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தி. அடுத்த தெருவில் பிள்ளைகள் இப்போதே வெடி போடுகிறார்கள்.

ஜனவரி 1

கோழி பத்து. புத்தாண்டு வாழ்த்து சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையே அதுதான்.

ஜனவரி 3

பத்தில் பவர் சப்ளையையே மாற்றினேன். ஏழு மணி நேரம் ஓடி நின்றது. நின்ற ஒவ்வொரு தடவையும் கடைசியாக எழுதி வைத்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. இரண்டடி ஏறி ஒன்றரை அடி இறங்குகிறோம்.

நான் பார்த்துக்கொள்கிற மெஷின் எல்லாமே இப்படித்தான் ஆகும்போல.

ஜனவரி 5

எழுதிவிடுகிறேன். எப்படியும் இந்த நோட்டைப் படிக்கப்போவது நான்தான்.

நவம்பர் 27. பகல் ஷிஃப்ட். பொரிப்பகத்தில் பக்கத்து பக்கத்தில் இரண்டு பெரிய மெஷின், இடது, வலது என்போம். இரண்டிலும் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் முட்டை. கம்பெனி ஆள் முந்தின வாரம்தான் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து சர்வீஸ் முடித்துவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகு வைத்த முதல் ஈடு. காலையிலிருந்தே இடது பக்கத் திரையில் வெப்பம் கொஞ்சம் கூட, வலது பக்கத் திரையில் கொஞ்சம் குறைவு. மணிக்கொரு தரம் எழுதியிருக்கிறேன். பதினொரு மணிக்கு முட்டையைப் பார்க்க வலது மெஷின் கதவைத் திறந்தேன், இடது மெஷின் ஊளையிட்டது. 'உன்னை யார் கூப்பிட்டா' என்று திட்டினதுகூட ஞாபகம் இருக்கிறது.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணை மூடினேன். இருபது நிமிஷம். முப்பது வருஷமாக மூடுகிற அதே இருபது நிமிஷம். அலாரம் அடித்துத்தான் விழித்தேன். இடது திரையில் 103 ஃபாரன்ஹீட், இருக்க வேண்டியது தொண்ணூற்றொன்பதரை. உடனே ஹீட்டரை அணைத்து, காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டேன். இறங்கவில்லை. வலது பக்கம் 96, ஹீட்டர் முழு மூச்சில் ஓடியும் ஏறவில்லை. சாயங்காலம்வரை போராடினேன். இரண்டு பக்கமும் போய்விட்டது.

தூங்கினாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அந்த இருபது நிமிஷம் விழித்திருந்தால் அவ்வளவும் குஞ்சாக வெளியே வந்து கத்தியிருக்கும்.

இதுதான் லீவு.

ஜனவரி 7

மேகலா வந்திருக்கிறாள். பையைக்கூட இறக்காமல் மாடிக்குப் போய் ரேக் முன்னால் நின்றாள். பதினெட்டு நாளில் பத்து நாள் கணக்குத்தான் முடிந்திருக்கிறது.

"மெஷினைத் திட்டிப் பிரயோஜனம் இல்லீங்கப்பா. ரேம் மாத்தியாச்சு, பவர் சப்ளை மாத்தியாச்சு, அப்பவும் அதே பத்துதான் சாகுது. அப்படின்னா என் புரோகிராம்தான் தப்பு. அந்தப் பத்தாவது துண்டுல நான் ஏதோ தப்பா எழுதியிருக்கேன்."

"புரொஃபசர் என்ன சொல்றாரு?"

"அந்த அத்தியாயத்தை எடுத்துருங்கறாரு. எடுத்தா மிச்சம் இருக்கறதை யாரு தீசிஸ்னு ஒத்துக்குவாங்க?"

சாப்பிடும்போது ருக்கு தோசையை அவள் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள், அவள் தின்றுகொண்டே இருந்தாள், இரண்டு பேருக்குமே எண்ணிக்கை தெரியவில்லை. அழுதிருந்தால்கூட நன்றாயிருக்கும்.

ஜனவரி 8

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் மேகலா ஒரு கடைசி முயற்சி சொன்னாள். பத்தைத் தூக்கிவிட்டு மீதிப் பதினொன்றை வைத்து ஓட்டுவது. சேவல் முன்னால் உட்கார்ந்தாள். நான் ரேக் பக்கம்.

"பத்தோட நெட்வொர்க் ஒயரை உருவுங்கப்பா."

கீழ்த்தட்டு, 10. உருவினேன்.

"உருவிட்டீங்களா?"

"ஆச்சு."

"இல்லையே, பத்து இருக்குதே. அப்பா, ரெண்டு போயிருச்சு! நீங்க ரெண்டை உருவிட்டீங்க."

"பத்துதான் சாமி. மஞ்சப் பெயிண்டுல எழுதியிருக்குது."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். பத்தேதான். மேல் தட்டில் 2 என்று எழுதிய இடத்து ஒயரைத் தானே உருவிவிட்டு, ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். கோழி பத்து போயிருந்தது.

"அப்பா." மெதுவாகத்தான் கேட்டாள். "இதுகளை எடம் மாத்துனீங்களா?"

சொன்னேன். கரண்ட் இல்லாத அன்றைக்கு, ட்ரே மாற்றுகிற மாதிரி, சமமாகச் சூடு கிடைக்கட்டுமே என்று. நம்பர் ரேக்கில், பேர் பெட்டிக்குள். பெட்டி ஏறி இறங்கினால் பேரும் கூடவே போகும் என்று எனக்கு எங்கே தெரியும்?

"அப்போ இவ்வளவு நாளா நாம நல்லா இருந்த ரெண்டுக்கு ரேம் மாத்தி, பவர் சப்ளை மாத்தி..."

"நல்லா இருக்கறவனுக்கு ஊசி போட்டுட்டு, காய்ச்சக்காரனைப் பாத்து ஏன் இறங்கலைன்னு கேட்டிருக்கோம்" என்றேன்.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "என் புரோகிராம் சரிங்கப்பா! என் புரோகிராம் சரி!"

நிஜமான பத்தைத் திறந்தோம். பிராசஸர்மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனின் ஒரு கால் கிளம்பி, ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது; சூடு ஏறி மயங்கியிருக்கிறது, ஆறியதும் மேகலா அங்கிருந்து எழுப்பியிருக்கிறாள். ரேக் மூலையில் இடித்தேனே, அந்தப் பெட்டி. நோயைக் கொடுத்தவன் நான், ஆளை மாற்றிப் படுக்க வைத்தவன் நான், ஊசி போட்டவனும் நான். ஒரே ஆள் முழு ஆஸ்பத்திரி நடத்தியிருக்கிறேன். காலை அழுத்தினேன். 'டக்.'

11.50க்கு மறுபடி தொடங்கியது. இன்னும் பன்னிரண்டு நாள் கணக்கு. நின்றுபோகாமல் ஓடினால் 20ஆம் தேதி.

பெட்டியை மூடும்போதுதான் எனக்கு அது உறைத்தது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று போகிறது. வலது மெஷின் கதவைத் திறந்தேன், இடது மெஷின் ஊளையிட்டது.

ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். மேகலா, "அப்பா, அப்பா" என்று உலுக்கினாள். எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, இருபது நிமிஷம், லீவு, எல்லாம். ருக்கு எப்போது வந்து கதவருகே நின்றாள் என்று தெரியாது.

மேகலா ஒரு பேப்பரில் இரண்டு கட்டம் போட்டாள். வெப்பம் பார்க்கிற ஒயர் இரண்டும் இடம் மாறியிருந்தால் என்ன ஆகும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினாள். இடது திரையில் தெரிவது வலதின் சூடு. வலது திரையில் தெரிவது இடதின் குளிர். வலது வேக வேக, அதன் திரை குளிர்கிறது என்று சொல்லும், ஹீட்டர் இன்னும் எரியும். நான் விழுந்து விழுந்து இடதைக் குளிரவைத்தேன். அது ஏற்கெனவே குளிரில் விறைத்துக்கொண்டிருந்தது.

"நீங்க தூங்காம இருந்திருந்தா, இருபது நிமிஷம் முன்னாடியே கெடுத்திருப்பீங்க. அவ்வளவுதாங்கப்பா."

இப்படி ஒரு ஆறுதலை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ருக்குவிடம், "உனக்குத் தெரியாதில்ல, லீவு பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்கே தெரியுமுங்க. முப்பது வருஷத்துல நீங்க டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துட்டு வந்தது அன்னிக்கு ஒருநாள்தான்."

ஜனவரி 9

ஜெயபாலுக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலைல வாங்கண்ணா, முதலாளியும் இருப்பாரு" என்றார். குரலில் நம்பிக்கை இல்லை. நியாயம்தான். மேகலாவின் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டும் ஓடுகின்றன.

ஜனவரி 10

பேப்பரை எடுக்கவே இல்லை.

இரண்டு மெஷினையும் காலியாகவே போட்டுச் சூடேற்றச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலாளி வாட்சைப் பார்த்தார். நான் போய் வலது மெஷின் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்து நின்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு நாலு வயது கூடியிருக்கும். பிறகு இடது மெஷின் ஊளையிட்டது.

ஜெயபால் என்னைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். அதை மூடிவிட்டு இடதின் கதவைத் தானே போய்த் திறந்தார். வலது கத்தியது. மேலே ஏணி போட்டு ஏறிப் பார்த்தவர் அங்கிருந்தே சொன்னார்: "ரெண்டு பிளக்கும் ஒரே கருப்புக் கலருங்க முதலாளி. சர்வீஸ் ஆளு மாத்திச் சொருகிட்டுப் போயிட்டாரு. நாம யாரும் பாக்கல."

முதலாளி பொரிப்பகத்து ரிஜிஸ்டரை வாங்கி நவம்பர் 27ஆம் தேதியைப் படித்தார். பதினொரு மணிக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது: 'வலது கதவு திறப்பு. இடது அலாரம். காரணம் தெரியவில்லை.' நல்லவேளை, வழக்கம்போல 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடவில்லை.

"இதை எழுதி வச்சிருக்கீங்க, எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"தூங்குனது மட்டுந்தானுங்க ஞாபகம் இருந்துச்சு."

அவர் ரிஜிஸ்டரை மூடித் திருப்பிக் கொடுத்தார். "பொங்கல் கழிச்சு வந்துருங்க" என்றார். ஏணியிலிருந்து இறங்கிய ஜெயபால் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்கத் தூசி. வீட்டுக்கு வந்துதான் கழுவினேன்.

ஜனவரி 12

இடது பிளக்குக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சை டேப் சுற்ற வேண்டும் என்று ஜெயபாலிடம் சொன்னேன். வீட்டில் ரேக்கின் மஞ்சள் நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்தேன். மேகலா பெட்டிகள்மேல் ஸ்டிக்கர் ஒட்டினாள். இனி எந்த மகானும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

ஜனவரி 15

பொங்கல். மாடி அறையிலும் ஒரு கிண்ணம் கொண்டுபோய் வைத்தாள் ருக்கு. சேவல் முன்னால். "நேத்து வரைக்கும் இரும்புக்கடைன்னியே" என்றேன். "புள்ளைக்குச் சோறு போடறது எதுவா இருந்தா என்னங்க?" என்றாள்.

வெப்பம் 27. பன்னிரண்டும் ஓடுகின்றன.

ஜனவரி 17

வேலைக்குப் போனேன். என் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. உட்காரத்தான் கொஞ்சம் யோசனையாக இருந்தது. நின்றுகொண்டே ஷிஃப்டை முடித்தேன்.

ஜனவரி 20

பண்ணைக்கே போன் வந்தது. மெஷின் இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"முடிஞ்சுருச்சுங்கப்பா! பன்னெண்டே காலுக்கு!"

"ஒட்டுதா?"

"ஒட்டுதுங்கப்பா! நான் நெனச்ச எடத்துல இல்ல, ஓரத்துல, உடைஞ்ச எடத்துல போய் ஒட்டுது. ஆனா நல்லா ஒட்டுது!"

சுற்றி நின்றவர்களிடம், களிமண் ஒட்டுகிறது என்று சொன்னேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். என்ன ஒட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி 24

அத்தியாயத்தை முந்தாநாளே புரொஃபசர் கையில் கொடுத்துவிட்டாள். படித்துவிட்டு, இன்னொரு வகைக் களிமண்ணையும் சும்மா ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னாராம். அவசரமில்லை. சேலத்திலிருந்தபடியே தட்டிவிட்டாள். காலையிலிருந்து கோழி பன்னிரண்டும் மறுபடி வேலையில்.

எனக்கு வார லீவு. இந்த முறை நான் கேட்டு வாங்கியது. ருக்கு பருப்பு, ரசம், வாழைக்காய் வறுவல் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்து ரேக்குக்கு எதிரில் நாற்காலியைப் போட்டேன். பன்னிரண்டு ஃபேனும் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. இருபது நிமிஷம் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

விழித்தபோது மூன்றே முக்கால். ருக்கு வந்து பார்த்துவிட்டு எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். எழுந்து பெட்டிகளை எண்ணினேன். பன்னிரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

நேரம்: 3.45. வெப்பம்: 28. ஈரம்: பார்க்கவில்லை.

குறிப்பு: தூங்கினேன்.

கையெழுத்து: பா. செங்கோடன்